ஐ.எஸ்.ஓ 45001 (வேலையிடப் பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்குமான தரநிலை) சான்றிதழ் வாங்கினால் தொழிலாளிக்கு உண்மையிலேயே பாதுகாப்பு கூடுமா, இல்லை வெறும் காகிதமா?

கேள்வியோடு நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இது: 120 பேர் வேலை பார்க்கும் பிரஸ் ஷாப் (உலோகத் தகடுகளை மெஷினில் அழுத்தி வெட்டி வடிவமைக்கும் பட்டறை), வாடிக்கையாளர் சான்றிதழ் கேட்கிறார், ஒரு ஆலோசகர் "15 நாளில் கையில் தருகிறேன், ஆடிட்டர் வரவே வேண்டாம்" என்கிறார். அவரிடம் வாங்காதீர்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஐ.எஸ்.ஓ அமைப்பு யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. தரநிலையை எழுதி வெளியிடுவதோடு அதன் வேலை முடிந்தது. சான்று தருவது தனி நிறுவனங்கள். அவற்றுக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று பார்த்து அங்கீகாரம் கொடுக்க இந்தியாவில் என்.ஏ.பி.சி.பி இருக்கிறது. முறையான ஆடிட் இரண்டு கட்டமாக நடக்கும், அதற்கு முன்பே நீங்கள் உள் ஆடிட்டும் நிர்வாக மறுஆய்வும் ஒரு சுற்று முடித்திருக்க வேண்டும், சான்று வந்த பிறகும் 3 ஆண்டு செல்லுபடியாகும் காலத்தில் வருடம் ஒரு முறை வந்து பார்ப்பார்கள். 15 நாளில் இது எப்படி முடியும்?

சரி, முறையாக வாங்கினால் பாதுகாப்பு கூடுமா என்றால், கூடும். ஆனால் தானாகக் கூடாது. நான் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே பவர் பிரஸ்களில் இரண்டு கைக்கும் இரண்டு பட்டன் உண்டு. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் ராம், அதாவது மேலிருந்து அடிக்கும் பாகம், இறங்கும், அதனால் டைக்குள் (பீஸை வைக்கும் அச்சுக்குள்) கை இருக்க வழியில்லை. ஃபைலில் அப்படித்தான் இருந்தது, நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். ஒரு இரவு ஷிஃப்டில் ஒரு பையனுக்கு இரண்டு விரல் நுனி போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், இடது பட்டனுக்கும் அதன் மூடிக்கும் நடுவே சின்ன மர ஆப்பு. அந்தப் பட்டன் எப்போதும் அழுத்தியபடியே இருந்தது, அவன் வலது கையால் பட்டனைத் தட்டி இடது கையால் பீஸைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஆப்பின் ஓரங்கள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன, அதாவது நேற்று வைத்ததில்லை. "ரெண்டு கையால அடிச்சா டார்கெட் வராது சார்" என்று பக்கத்து மெஷின்காரர் சொன்னார். அதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் யாரும் கேட்டதில்லை. அப்போது எங்களிடம் சான்றிதழ் இருந்தது. ஆடிட்டர் பகலில் வந்து கான்ஃபரன்ஸ் ரூமில் உட்கார்ந்து ஃபைல் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

அடுத்த வருடம் வந்தவர் வேறு மாதிரி. இரவு ஷிஃப்டையும் பார்க்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி அனுப்பிவிட்டார். சூப்பர்வைசரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளியிடம் போய், "தம்பி, இந்த வேலையில் உனக்கு எது பயம்?" என்று கேட்டார். அன்றைக்குப் பெரிய என்.சி ஒன்று விழுந்தது, அதாவது தரநிலைப்படி நடக்கவில்லை என்று ஆடிட்டர் எழுதிவிட்டார். நிர்வாகத்துக்குக் கோபம், எனக்கு நிம்மதி. அதன் பிறகுதான் கண்ட்ரோலையே மாற்றினார்கள்: இரண்டு பட்டனையும் அரை நொடிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும், இரண்டையும் விட்டால்தான் அடுத்த அடி விழும். ஆப்பு வைத்தால் மெஷின் ஓடாது. டார்கெட்டையும் அந்த வேகத்துக்குக் குறைத்தார்கள். அதைக் குறைக்க வைக்கத்தான் நான் அதிகம் போராட வேண்டியிருந்தது.

2018 மார்ச்சில் வந்த 45001, அதற்கு முன் இருந்த பழைய பாதுகாப்புத் தரநிலையான ஓ.எச்.எஸ்.ஏ.எஸ் 18001-ஐ விட எதில் மேல் என்று என்னைக் கேட்டால் 5.4-வது பிரிவைத்தான் காட்டுவேன். தொழிலாளியைக் கலந்து பேசு, முடிவில் பங்கு கொடு, அவன் வாய் திறக்கத் தடையாக இருப்பதை நீக்கு என்று அது சொல்கிறது. குறை சொன்னால் ஷிஃப்ட் மாற்றிவிடுவார்கள் என்ற பயமும் அப்படி ஒரு தடைதான். அடுத்தது 8.1.2. ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று முதலில் பார், முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த ஒன்றை வை, அப்புறம் மெஷினில் தடுப்பு, அப்புறம் விதிமுறையும் பயிற்சியும், கிளவுஸும் ஹெல்மெட்டும் கடைசியில். நம் ஊரில் பல கம்பெனிகள் கிளவுஸிலேயே ஆரம்பித்து கிளவுஸிலேயே முடித்துவிடுகின்றன.

காகிதத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கராச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2012 செப்டம்பர் 11 அன்று அங்கே அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அதற்கு எஸ்.ஏ 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. அது வேறு தரநிலை, ஆனால் தொழிலாளியின் பாதுகாப்பும் அதில் அடக்கம். தீ வைக்கப்பட்டது என்று பின்னால் வழக்கில் தீர்ப்பு வந்தது. யார் வைத்திருந்தாலும், ஜன்னல்களில் கம்பியும் வாசல்களில் பூட்டும் இருந்ததால்தான் உள்ளே இருந்தவர்களால் வெளியே வர முடியவில்லை.

அதனால் சான்று தரும் நிறுவனத்துக்குப் போன் செய்யும்போது விலையைக் கடைசியில் கேளுங்கள். 45001-க்கே உங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறதா (தர மேலாண்மைக்கான 9001-க்கு இருந்தால் போதாது), எத்தனை ஆடிட் நாள், வருகிற ஆடிட்டர் பிரஸ் ஷாப் பார்த்தவரா, இரவு ஷிஃப்டுக்கு வருவாரா, காண்ட்ராக்ட் ஆட்களிடம் தனியாகப் பேசுவாரா என்று கேளுங்கள். இன்னொன்று, அவர் வருவதற்கு முன்பே இன்று இரவு நீங்களே ஒரு சுற்றுப் போய் எல்லா மெஷினிலும் இடது பட்டனைத் தொட்டுப் பாருங்கள்.