லிஸ்பன் போகிறீர்களா? மேட்டைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்

வாசகர் கேள்வி பதில்: பயணம்

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஐரோப்பா என்றால் முன்பெல்லாம் லண்டன், பாரிஸ், சுவிஸ் என்றுதான் கேட்பார்கள். இந்த முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் போர்ச்சுகலின் தலைநகரமான லிஸ்பன்தான் அதிகம். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

அம்மாவுக்கு 71 வயது, மூட்டு வலி. லிஸ்பன் முழுக்க மேடு பள்ளம் என்கிறார்கள். அழைத்துப் போகலாமா?
(வாசகி, தோ பாயோ)

தாராளமாகப் போகலாம். ஆனால் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிட்டுவிட்டு வழி தேடாதீர்கள். முதலில் மேடுகளைக் குறித்துக்கொண்டு, ஒரு நாளுக்கு ஒரு மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கோட்டை, மாலையில் எதிர்ப்பக்கத்து ஷியாடு என்று திட்டமிடுபவர்கள் மதியத்திலேயே களைத்துவிடுவார்கள். வரைபடத்தில் 400 மீட்டர் என்று காட்டுவது நேரில் பத்து மாடிப் படிக்கட்டாக இருக்கலாம்.

ஏறுவதற்கு வண்டி, இறங்குவதற்குக் கால் என்பது லிஸ்பனுக்குப் பொதுவாகச் சொல்லும் யோசனை. மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு இறக்கம்தான் அதிகம் வலிக்கும். இரண்டுக்கும் வண்டியோ மின்தூக்கியோ பாருங்கள்.

சாவ் ஜோர்ஜ் கோட்டைக்கு ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737 எண் சிற்றுந்து கிளம்பிக் கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். இன்னொரு வழி உள்ளூர்க்காரர்களுடையது: மேடுகளுக்கு நடுவே தாழ்வாக உள்ள பைஷா பகுதியில், ஃபன்கெய்ரோஷ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் இலவச மின்தூக்கி இருக்கிறது. அதில் ஏறினால் மதலேனா தெரு. அதைக் கடந்தால், பேரங்காடியும் கார் நிறுத்துமிடமும் உள்ள கட்டடத்தில் இன்னொரு மின்தூக்கி. அதன் உச்சியிலிருந்து கோட்டைக்குக் கொஞ்சம் நடை மிச்சமிருக்கும், அதுவும் ஏற்றம்தான். எதிர்ப்பக்க மேட்டுக்கு பைஷா-ஷியாடு ரயில் நிலையத்தின் மின்படிகள் உதவும். கீழ்வாசலில் நுழைந்து மேல்வாசலில் வெளியே வரலாம். அவை பழுதாகி நிற்பதும் சகஜம் என்பதால் இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

1902ல் கட்டிய 45 மீட்டர் உயர சாண்டா ஜூஸ்டா இரும்பு மின்தூக்கியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் வரிசையில் அம்மாவை நிறுத்த வேண்டாம். மேட்டிலுள்ள கார்மோ மடத்தின் பக்கமிருந்து அதன் மேல்பாலத்துக்கு நடந்தே வரலாம். மேட்டில் கம்பிவடம் இழுத்து ஏற்றும் சரிவு ரயில்களைக் கணக்கில் வைக்காதீர்கள். 2025 செப்டம்பர் 3ல் குளோரியா சரிவு ரயில் தடம் புரண்டு 16 பேர் இறந்தனர். அதன்பின் நகரின் மற்ற சரிவு ரயில்களும் நிறுத்தப்பட்டன. புறப்படும் முன் நிலவரம் பாருங்கள்.

தங்குவதற்கு பைஷா அல்லது லிபர்தாத் நிழற்சாலையின் கீழ்ப்பகுதி. கோட்டைச் சரிவிலுள்ள பழைய பகுதியான அல்ஃபாமாவில் வாடகை வீடு படத்தில் அழகாகத்தான் இருக்கும். பல சந்துகளில் டாக்சி நுழையாது, பழைய வீடுகளில் மின்தூக்கி இருக்காது. பதிவு செய்யுமுன் மாடி எண்ணையும் கவனியுங்கள். நம் ஊரில் தரைத்தளமே 1. அங்கே அது 0. அவர்கள் ‘மூன்றாம் மாடி’ என்றால் நம் கணக்கில் நான்காவது.

காலணி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கற்கள். ஆண்டுக்கணக்கில் கால் பட்டு வழவழப்பாகிவிட்டவை. டிசம்பர் அங்கே மழைக்காலம். பிடிப்பான ரப்பர் அடி உள்ள காலணி இல்லாவிட்டால் இறக்கத்தில் சறுக்கும்.

28ம் எண் டிராமில் உட்கார்ந்து போக வழி உண்டா? என்ன அட்டை வாங்குவது?
(வாசகர், ஈசூன்)

மார்ட்டிம் மொனீஸ் முனையில்தான் எல்லாரும் வரிசை நிற்கிறார்கள். மறுமுனையான கம்பு டி ஓரிக்கிலிருந்து காலை 9 மணிக்கு முன் ஏறினால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். கைப்பையை முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். ஜேப்படிக்கு இந்த டிராம் பேர் போனது. நெரிசலில் யாராவது வரைபடத்தை விரித்து முகத்துக்கு நேரே நீட்டினால் கை பைமேல் இருக்கட்டும்.

‘நவெகாந்த்’ என்ற காகித அட்டையை ரயில் நிலைய இயந்திரத்தில் அரை யூரோவுக்கு வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஈஸி-லிங்க் மாதிரிதான், ஆனால் இரண்டு இடங்களில் தடுமாறுவீர்கள். ஒன்று, ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையைக் குடும்பமே தட்டிவிட்டு உள்ளே போக முடியாது. இரண்டு, பணம் ஏற்றிய அட்டையில் அது தீரும்வரை 24 மணிநேரப் பயணச்சீட்டு ஏற்ற முடியாது. முதல் நாளே 20 யூரோ ஏற்றிவிட்டு, மறுநாள் நாள்சீட்டு வாங்கப் போய் இயந்திரம் மறுக்கிறதே என்று நிற்பவர்கள் ஏராளம். அரை யூரோதானே, இரண்டாவது அட்டை வாங்கிவிடுங்கள். டிராமில் ஓட்டுநரிடம் காசு கொடுத்தால் அட்டைக் கட்டணத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

மலாக்காவின் சிவப்புக் கட்டடங்கள் மாதிரி லிஸ்பனிலும் இருக்குமா? வாஸ்கோ ட காமா கல்லறை எங்கே?
(வாசகர், பிடோக்)

மலாக்காவில் நீங்கள் பார்த்த சிவப்புக் கட்டடம் டச்சுக்காரர்களுடையது. 1511 முதல் 1641 வரை அங்கே ஆண்ட போர்ச்சுகீசியர் கட்டிய கோட்டையில் இன்று நிற்பது சாந்தியாகு வாசல் ஒன்றுதான். அதிலும் டச்சுக்காரர்கள் 1670 என்று பொறித்து வைத்தார்கள். பிரிட்டிஷார் கோட்டையை இடித்தபோது இந்த வாசல் தப்பியதற்கு, சிங்கப்பூருக்கு இன்னும் வந்திராத ராஃபிள்ஸின் தலையீட்டைக் காரணமாகச் சொல்வார்கள்.

மலாக்காவைப் பிடித்த அல்புகெர்க்கின் காலத்து லிஸ்பனைப் பார்க்க வேண்டுமென்றால் ஆற்றோரப் பகுதியான பெலெமுக்குப் போங்கள். ஜெரோனிமோஷ் மடத்தை 1500களின் தொடக்கத்தில் மனுவேல் மன்னர் ஆரம்பித்தார். ஆப்பிரிக்க, ஆசிய வணிகத்தின்மீது போட்ட 5 விழுக்காடு வரிதான் செலவுக்கு. அதாவது நம் பக்கத்து மிளகும் இந்தக் கல்லுக்குக் கூலி கொடுத்திருக்கிறது. தேவாலயத்துக்குள் நுழைந்ததுமே வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் கவிஞர் கமோயிஷின் கல்லறையும். வாஸ்கோ 1524ல் கொச்சியில் இறந்தவர். அங்கே பிரான்சிஸ் தேவாலயத்தில் முதலில் புதைத்து, பிறகுதான் உடலை இங்கே கொண்டுவந்தார்கள்.

தேவாலயத்துக்குக் கட்டணம் இல்லை. மடத்தின் உள்முற்றத்துக்கு உண்டு, வரிசையும் தனி. கல்லறை மட்டும் பார்க்க வந்தவர்கள் தெரியாமல் நீளமான வரிசையில் நின்றுவிடுகிறார்கள். திங்கட்கிழமை மடம் மூடியிருக்கும்.

ஆற்றோரப் பெலெம் கோபுரத்தில் காண்டாமிருகத் தலை ஒன்று கல்லில் இருக்கிறது. குஜராத் சுல்தான் கொடுத்து, அல்புகெர்க் அனுப்பிவைத்த காண்டாமிருகம் 1515 மே மாதம் லிஸ்பனில் வந்து இறங்கியது. அதை நேரில் பார்க்காமலே ட்யூரர் என்ற ஜெர்மானிய ஓவியர் வரைந்த மரச்செதுக்குப் படம் ஐரோப்பா முழுக்கப் பரவியது. கோபுரம் புதுப்பிப்புக்காக மூடப்பட்டாலும் வெளிச்சுவரைப் பார்க்கத் தடை இல்லை. உள்ளே ஏறுவதற்காக ஒரு மணி நேரம் நிற்பது வீண் என்பதே எங்கள் கருத்து.

பெலெமுக்கு 15ம் எண் டிராம் நெரிசல். காயிஷ் டு சொத்ரே நிலையத்தில் ரயில் பிடித்தால் சில நிமிடங்கள்தான். விரைவு ரயில்கள் பெலெமில் நிற்காமல் போய்விடும், பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

அவ்வளவு பழைய நகரத்தில் நடுப்பகுதி மட்டும் ஏன் நம் ஊர்போலக் கட்டம் கட்டமாக இருக்கிறது?
(உயர்நிலைப் பள்ளி மாணவர், செங்காங்)

1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள் காலை. தேவாலயங்களில் கூட்டம், எங்கும் மெழுகுவத்தி. நிலம் அதிர்ந்தது. இடிபாட்டுக்குப் பயந்து ஆற்றோர வெளிக்கு ஓடியவர்களைச் சுனாமி பிடித்தது. மிச்சத்தை நாள்கணக்கில் எரிந்த தீ முடித்தது. பின்னாளில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்ற அமைச்சர், பழைய சந்துகளை மீண்டும் கட்ட விடாமல் நேர்த்தெருக்கள் போட்டார். சுவருக்குள்ளே பெருக்கல் குறி வடிவில் மரச்சட்டக் கூண்டு. கல் உதிர்ந்தாலும் கூண்டு வளைந்து கொடுத்து நிற்கும். மாதிரிக் கூண்டைச் சுற்றிப் படைவீரர்களை அணிவகுத்து நடக்கவிட்டு அதிர்வைச் சோதித்தார்கள் என்பார்கள். கார்மோ மடத்தைக் கூரை இல்லாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நிலநடுக்கத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

நாங்கள் ஓஃபியர் ரோடு லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகும் தமிழ்க் குடும்பம். லிஸ்பனில் நமக்குத் தொடர்புள்ள இடம் ஏதும் உண்டா?
(வாசகி, பொத்தோங் பாசிர்)

பதுவை அந்தோணியார் என்கிறோமே, அவர் பிறந்தது பதுவையில் இல்லை, லிஸ்பனில். 1195ல். பேராலயத்துக்குப் பக்கத்திலேயே அவருக்கு ஆலயம். பிறந்த இடம் என்று காட்டுவது அதன் நிலவறையில். திருவிழா ஜூன் 12 இரவும் 13ம் நாளும். அல்ஃபாமா சந்தெல்லாம் மத்தி மீன் சுடும் புகை. அந்த வாரம் அறை வாடகை ஏறும், தூக்கமும் கிடைக்காது. ஜூன் விடுமுறையில் போவதானால் தெரிந்தே போங்கள்.

ஓரியூர் அருளானந்தரும் லிஸ்பன்காரர்தான். ஜான் டி பிரிட்டோ என்ற அவர் பிறந்தது 1647 மார்ச் 1ல். அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்து, மதுரை மறைப்பணிக்கு வந்து, 1693 பிப்ரவரி 4ல் ராமநாதபுரம் சீமையில் கொல்லப்பட்டார். அல்வலாட் பகுதியில் அவர் பெயரில் பங்கு ஆலயம் இருக்கிறது. கட்டடம் இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பழமையை எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாவதாக ஒரு நூல். தமிழில் முதலில் அச்சான நூல் 1554ல் லிஸ்பனில்தான் அச்சேறியது. ரோமன் எழுத்தில் தமிழ், கூடவே போர்ச்சுகீசியம், கறுப்பும் சிவப்புமாக இரண்டு மை. அதில் உழைத்த மூவரும் தமிழர்கள், ஞானஸ்நானப் பெயர்களோடு: வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா குரூஸ். தமிழ் எழுத்திலேயே அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் வெளிவர இன்னும் 24 ஆண்டுகள் ஆயின. நூலின் பிரதி பெலெமிலுள்ள தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அந்த இடம் நீண்ட புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட்டது. திறந்திருந்தாலும் இத்தகைய அரிய நூலைக் காட்சியில் காணலாம் என்று நம்பி மட்டும் போகாதீர்கள்.

போர்ச்சுகீசிய முட்டை டார்ட் இங்கேயே கிடைக்கிறது. லிஸ்பனில் சாப்பிடுவது வேறா? வீட்டில் செய்தால் அடிப்பகுதி ஏன் சொதசொதவென்று ஆகிறது?
(வாசகி, ஜூரோங் வெஸ்ட்)

வேறுதான். இங்கே பரவியிருப்பது மக்காவ் வழி வந்தது. மக்காவில் அதை 1989ல் தொடங்கிவைத்தவர் ஓர் ஆங்கிலேயர். லிஸ்பன் ‘பாஷ்டெல் டி நாட்டா’வில் மாவு இன்னும் மொறுமொறுப்பு. பெலெமில் 1837 முதல் நடக்கும் கடையில் வெளியே வாங்கிப் போகும் வரிசையைப் பார்த்து மலைக்க வேண்டாம், உள்ளே பெரிய பெரிய கூடங்கள் இருக்கின்றன. லவங்கப்பட்டைத் தூளைத் தூவிச் சூடாகச் சாப்பிடுங்கள். சில கடைகளில் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. வேண்டாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வீட்டில் 12 டார்ட்டின் நடுக்கலவைக்கு: பால் 250 மில்லி, மாவு 30 கிராம், சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 100 மில்லி, மஞ்சள் கரு 6, எலுமிச்சைத் தோல், பட்டை. சர்க்கரையையும் தண்ணீரையும் 105 பாகை வரை பாகு காய்ச்சி, மாவு கலந்து கெட்டியாக்கிய பாலில் ஊற்றி, ஆறியபின் கரு சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் திரிந்துவிடும். வெண்ணெய் வைத்து அடுக்காக மடித்த மேல்மாவைச் சுருட்டித் துண்டு போட்டு, வெட்டுப்பக்கம் மேலே இருக்கும்படி கிண்ணத்தில் வைத்து, ஈரக் கட்டைவிரலால் நடுவிலிருந்து அழுத்தி மேலே ஏற்றுங்கள். அடி காகிதம்போல மெல்லிசாக வேண்டும். அடி தடித்தால்தான் சொதசொதப்பு. இன்னொரு காரணம் அடுப்பு: 250 பாகைக்குக் குறைந்தால் மாவு வெந்து மொறுமொறுப்பதற்குள் கரு இறுகிவிடும். தட்டையும் அடுப்போடு சேர்த்துச் சூடாக்குங்கள். நம் ஊர் வெப்பத்தில் மடிக்கும்போதே வெண்ணெய் உருகி மாவில் கலந்துவிடும், அடுக்கு வராது. ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னும் அரை மணி குளிர்பெட்டியில் வையுங்கள்.

நாங்கள் சைவம். தாக்குப் பிடிக்க முடியுமா?
(வாசகர், உட்லண்ட்ஸ்)

முடியும். கீரை சூப் என்று நம்பி ‘கால்டு வெர்டு’ கேட்டால் அதில் பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். “செங் கார்ன், செங் பெய்ஷ்” (இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று இரண்டையும் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் கேட்காமலே வைக்கும் ரொட்டி, ஆலிவ் இலவசம் இல்லை. தொடாமல் திருப்பி அனுப்பினால் காசு இல்லை. மார்ட்டிம் மொனீஸ் பக்கம் தெற்காசியக் கடைகள் நிறைய, ஹலால் உணவும் அங்கேதான் எளிது. லுமியாரில் ராதா கிருஷ்ணர் கோயில் இருக்கிறது. மொசாம்பிக்கிலிருந்து வந்த குஜராத்திகள் கட்டியது. அங்கே மதியச் சைவ உணவு கிடைக்கும், நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சாம்பார் எதிர்பார்க்காதீர்கள்.

மனைவி சிங்கப்பூர்க் குடியுரிமை, நான் இந்தியக் கடப்பிதழுடன் நிரந்தரவாசி. விசா?
(வாசகர், புங்கோல்)

அவருக்கு 180 நாளில் 90 நாள்வரை விசா வேண்டாம். உங்களுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் ஏற்கமாட்டார்கள். நேர்காணல் தேதிதான் முதலில் தீரும், அதனால் திரும்பப்பெற முடியாத விமானச் சீட்டை அதற்கு முன் வாங்காதீர்கள். நேரடி விமானம் இல்லை. ஷெங்கன் நாடு ஒன்றின் வேறு நகரத்தில் மாறினால் குடிநுழைவுச் சோதனை அங்கேயே நடக்கும். இப்போது முதல்முறை நுழையும்போது இருவருக்குமே முகப்படமும், விசா வேண்டாத மனைவிக்குக் கைரேகையும் எடுப்பதால் வரிசை நீளும். அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.