வெள்ளத்தில் கட்டிலோடு விட்ட முதியோர் இல்லம்: ‘இயற்கைச் சீற்றம்’ என்றால் பொறுப்பு போய்விடுமா?

கேள்வி: வக்கீல் சார், என் அப்பாவுக்கு 81 வயது. பக்கவாதம் வந்து வலது பக்கம் வராது. எனக்கு ஓசூரில் வேலை. அதனால் குடியாத்தத்தில் ஆற்றை ஒட்டிய ஒரு முதியோர் இல்லத்தில் 14 மாதமாக வைத்திருந்தேன். மாதம் 18,000 ரூபாய். இந்த மழையில் ஒரு ராத்திரி ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. நடக்க முடிந்தவர்களை மாடிக்கு அனுப்பிவிட்டு, அப்பாவையும் இன்னும் இரண்டு பேரையும் கீழேயே விட்டுவிட்டார்கள். ராத்திரி டியூட்டியில் ஒரே ஒரு ஆயாதான். விடியற்காலையில் தூக்கும்போது அப்பா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. வேலூரில் ஆபரேஷன், 11 நாள் படுக்கை, 2,40,000 ரூபாய் செலவு. "இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, சேர்க்கும்போதே நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்கிறது நிர்வாகம். 25,000 தருகிறோம், எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றும் சொல்கிறார்கள். இன்னொருவர், கலெக்டர் ஆபீசில் பேரிடர் நிதியிலிருந்து பெரிய தொகை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் 20,000 கேட்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்த 25,000 ரூபாய்க் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை எதுவும் இல்லை’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் பணமே தருகிறார்கள். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது ‘இயற்கைச் சீற்றம்’. சட்டத்தில் தெய்வச் செயல் என்று ஒரு எதிர்வாதம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது செல்ல வேண்டுமானால் இரண்டு விஷயம் வேண்டும். வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கக் கூடாது; எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் தடுத்திருக்க முடியாது. 1903-ல் பாலாறு வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போன கதை நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி கௌண்டன்யா ஆற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் போனதைக் குடியாத்தம் முழுக்கப் பார்த்தது. அந்த ஆற்றங்கரையில் இல்லம் நடத்துகிறவர், வெள்ளம் வரும் என்று தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? சரி, தண்ணீரைத் தடுக்க முடியாது, ஒப்புக்கொள்வோம். எழுந்து நடக்க முடியாத மூன்று பேரைத் தரைத்தளத்தில் படுக்க வைத்தது யார்? மழை எச்சரிக்கை வந்த நாளில் ராத்திரிக்கு ஒரு ஆயாவை மட்டும் விட்டது யார்? வருண பகவான் டியூட்டி போடுவதில்லை. உங்கள் வழக்கு இந்த இடத்தில்தான் நிற்கிறது.

சேர்க்கும்போது போட்ட கையெழுத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். ‘எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சடித்துவிட்டால் கவனக்குறைவு காற்றில் போய்விடாது. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. கோபத்தில் சிலர், ‘இந்த ஒப்பந்தமே நியாயமற்றது, ரத்து செய்க’ என்று மனுவில் எழுதிவிடுகிறார்கள். அப்படிக் கேட்டால் அது நீங்கள் போக வேண்டிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கையை விட்டுச் சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போய்விடும். நீங்கள் ‘சேவைக் குறைபாடு’ என்று மட்டும் எழுதுங்கள். ஒப்பந்தத்தைத் தொடாதீர்கள்.

உங்களுக்கு ஏற்ற இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. நீங்கள் கட்டியது 14 மாதத்துக்கு 2,52,000. கேட்கும் நஷ்டஈட்டை வைத்துக் கணக்கிடுவதில்லை, கட்டிய தொகைதான் கணக்கு. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம், ஓசூர் என்றால் கிருஷ்ணகிரி. ஆனால் சாட்சி எல்லாம் இங்கே இருப்பதால் வேலூரே நல்லது. பணம் கட்டியது நீங்கள், பயனடைந்தவர் அப்பா. இருவர் பெயரையும் மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். மாதாமாதம் தரும் ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் ‘கட்டணம்’ என்று இருக்கிறதா, ‘நன்கொடை’ என்று இருக்கிறதா? நம் பக்கம் பல இல்லங்கள் டிரஸ்ட் பெயரில் நடக்கின்றன. வாங்குவது வாடகை மாதிரி, கொடுப்பது நன்கொடை ரசீது. இலவசமாகச் செய்யும் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அதனால் ஆணையத்தில் அவர்கள் வக்கீல் எழுந்து, "இது தர்ம ஸ்தாபனம், மனுதாரர் மனமுவந்து தந்த நன்கொடை" என்பார். இதை உடைக்கலாம். மாதம் தவறாமல், அதே தேதிக்கு, அதே 18,000 போகிறதே, ஒரு மாதம் தாமதமானால் போன் செய்து கேட்டார்களே, அது நன்கொடையா? ‘இந்த மாத பீஸ் இன்னும் வரவில்லை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும், அதை ரசீதுக்கு மேல் மதிப்பேன். அந்த இல்லத்தில் நிஜமாகவே இலவசமாகச் சிலரை வைத்திருந்தால்? 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில் இலவச நோயாளியும் நுகர்வோர்தான் என்று சொன்னது. ஆஸ்பத்திரிக்குச் சொன்னதை இல்லத்துக்கும் வாதாடலாம். அப்பாவோடு கீழே கிடந்த மற்ற இருவரும் பணம் கட்டாதவர்களாக இருந்தால் அவர்கள் குடும்பத்துக்கு இது உதவும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். அந்த நன்கொடை ரசீதைக் காட்டி வருமான வரியில் 80ஜி கழிவு வாங்கினீர்களா? வாங்கியிருந்தால் வரி அதிகாரியிடம் நன்கொடை, ஆணையத்தில் கட்டணம் என்று இரண்டு நாக்கால் பேச வேண்டியிருக்கும். முதலில் ஆடிட்டரைப் பார்த்து அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். எதிர்த்தரப்பு இதைத் தோண்டாமல் விடாது. என் கட்சிக்காரர் ஒருவர் இதை என்னிடமே மறைத்தார். குறுக்கு விசாரணையில் தெரிந்தபோது அவர் முகத்தைவிட என் முகம்தான் சுருங்கியது.

முன்பணம் கேட்கும் ஆளுக்கு வருகிறேன். பேரிடர் நிவாரணம் என்பது அரசு தரும் கருணைத்தொகை. 2022 முதல் உள்ள விதிமுறைப்படி உயிரிழப்புக்கு 4 லட்சம். பலத்த காயத்தோடு ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தால் 16,000 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள், 16,000 வாங்கித் தர 20,000 கேட்கிறார்! தாசில்தாருக்கு நீங்களே ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், கிடைத்தாலும் கிடைக்கும். அதை வாங்குவதால் இல்லத்தின் மேல் உள்ள உரிமை போகாது. ‘ஜெயித்தால் இத்தனை சதவீதம்’ என்று பேசும் வக்கீல் வந்தாலும் வாசலோடு அனுப்புங்கள்; பார் கவுன்சில் விதிப்படி வக்கீல் அப்படிப் பேசவே கூடாது.

வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) ஆபீசில் முதியோர் தீர்ப்பாயம் இருக்கிறது, அங்கே போங்கள் என்று யாராவது சொல்வார்கள். போகாதீர்கள். 2007-ம் வருடச் சட்டத்தில் அது பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கும் இடம். அங்கே போனால் எதிர்மனுதாரர் நீங்கள்தான்!

போலீஸ் பக்கம்: பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 357-வது பிரிவு, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவரைக் கவனிப்பதாக ஒப்பந்தம் செய்துவிட்டு வேண்டுமென்றே கைவிடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை என்கிறது. ஸ்டேஷனில் இந்த எண்ணைச் சொன்னால் புத்தகத்தைத் தேடுவார்கள். பிறகு புகார் வந்ததற்கு அத்தாட்சியாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, இரு தரப்பையும் உட்கார வைத்து, அதே 25,000-க்குப் பஞ்சாயத்து பேசுவார்கள். புகார் கொடுத்து ரசீதை வாங்கி வையுங்கள், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் 2017 புயலில் மின்சாரம் போய் ஒரு பராமரிப்பு இல்லத்தில் 12 முதியவர்கள் இறந்தார்கள். மறு வருடமே ஜெனரேட்டர் கட்டாயம் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே 2001-ல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் சங்கிலியோடு கருகிய பிறகு அப்படிப்பட்ட காப்பகங்களைத் தேடித் தேடிப் பூட்டினார்கள். முதியோர் இல்லம் என்றால் அந்த வேகம் எங்கே போகிறதோ தெரியவில்லை. சமூக நல அலுவலகத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். ஊசி, டிரிப் எல்லாம் அங்கேயே போட்டார்கள் என்றால் 1997-ம் வருட மருத்துவ நிறுவனச் சட்டப்படியும் பதிவு வேண்டும். அதற்கு மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். பதிவில்லை என்றால் உங்கள் மனுவுக்கு அது கூடுதல் பலம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஆதாரம் சேர்ப்பது. இல்லத்தின் சி.சி.டி.வி. பதிவு சில வாரத்தில் தானாக அழிந்துவிடும். ‘அந்த இரவின் பதிவையும் பணியாளர் வருகைப் பதிவேட்டையும் அழிக்காமல் வையுங்கள்’ என்று இன்றைக்கே ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேளுங்கள், கேட்டு 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தாலுகா அலுவலகத்துக்கும் நீர்வளத் துறைக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே கேள்வி: அந்தத் தேதியில் கரையோர மக்களுக்கு வெள்ள எச்சரிக்கை எத்தனை மணிக்கு, எந்த வழியில் தரப்பட்டது? பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு, 30 நாள். சாயங்காலமே எச்சரிக்கை வந்தது என்று பதில் கிடைத்தால் தெய்வச் செயல் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவருக்கு இலவச வக்கீல் என்று 1987-ம் வருடச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அப்பா பெயரில் மனு கொடுங்கள்.

கடைசியாக, அந்த ஆயாவை எதிர்த்தரப்பாகச் சேர்க்காதீர்கள். மூன்று பேரை ஒருத்தியால் தூக்க முடியாது. அவரைத் தனியாக நிறுத்தியவர் நிர்வாகி, வழக்கு அவர் மேல். ஆயா உங்கள் சாட்சி. அவரிடம் பணம் எதுவும் கொடுக்காமல், நடந்ததை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.