சர்வேயர் பதில்கள்: மண்ணை வாரித் தூற்றினால்...

போன இதழில் பொழிக்கல் (எல்லைக்கல்) தகராறு பற்றிய பதிலில், "கல் நட்டால் யாராவது ஒருத்தர் மண்ணை வாரித் தூற்றத்தான் செய்வார்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன். வழக்கமாகப் பட்டா, சிட்டா, அடங்கல் என்று வரும் கடிதக் கட்டில் இந்தத் தடவை பாதிக்கு மேல் சாபம். 1972 முதல் 2003 வரை நிலம் அளக்கும் சங்கிலி இழுத்தவன் நான். வாங்கிய சாபங்களை வரிசையாக நட்டிருந்தால் ஒரு ஏக்கர் வேலி ஆகியிருக்கும். அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

2004-ல் பாகப்பிரிவினை ஆனபோது என் வீட்டுக்காரரின் அத்தை வாசலில் நின்று மண்ணைத் தூற்றி, "நீங்க வெளங்கவே மாட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மூன்று போர் போட்டும் தண்ணீர் இல்லை. இரண்டு எருமை செத்தது. மகனுக்கு வேலை அமையவில்லை. ஜோசியர் 40,000 ரூபாய்க்குப் பரிகாரம் சொல்கிறார். சாபம் பலித்துவிட்டதா?
*(வாசகி, வெள்ளகோவில்)*

அம்மணி, முதலில் என் கதையைக் கேளுங்கள். 1974, வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம். காங்கேயம் பக்கம் ஒரு மேட்டாங்காட்டை அளந்து இரண்டு பங்காளிகளுக்கு நடுவில் கல் நட்டோம். ஒரு பக்கம் விதவை ஆத்தா, வெள்ளைச் சேலை, அறுபது வயது இருக்கும். இன்னொரு பக்கம் கொழுந்தன் மகன்கள் மூன்று பேர். கடப்பாரை இறங்கியதும் ஆத்தா இட்டேரியிலிருந்து ஓடி வந்தார். இரண்டு கையாலும் செம்மண்ணை அள்ளினார். "என்ற காட்டுல மூணு சால் போயிருச்சு. இதைத் திங்கறவன் வவுத்துல மண்ணு உழுகட்டும்! சங்கிலி புடிச்ச கை அழுகிப் போவட்டும்!" ஆடிக்காற்று. தூற்றிய மண் பாதி அவர் கண்ணிலேயே விழுந்தது. எங்கள் சங்கிலிக்காரர்தான் சொம்புத் தண்ணீரில் கழுவிவிட்டார். கழுவும்போதும் அவர் திட்டுவதை நிறுத்தவில்லை.

நாலாம் நாள் எனக்கு வலது கைப் பெருவிரலில் நகச்சுத்து.

நகச்சுத்து எனக்குப் புதிதல்ல. முள்ளிலும் கல்லிலும் வேலை செய்கிறவனுக்கு வருஷம் ஒன்று வரும். ஆனால் அந்த ஒன்று மட்டும் தெறித்த தெறிப்பு! எலுமிச்சம்பழத்தில் குழி தோண்டி விரலைச் செருகிக்கொண்டு, ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். விரலைப் பார்க்கும்போதெல்லாம் வெள்ளைச் சேலை தெரிந்தது. என் அம்மிச்சி மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "ஏஞ்சாமி, நீ அளந்தது செரியாத்தான் அளந்தயா?"

விடிந்ததும் ஆபீஸ் வளாகத்தில் கல் பதித்த அளவுக்கோட்டில் சங்கிலியை விரித்துப் பார்த்தேன். 66 அடி, 100 லிங்க். வளையங்கள் தேய்ந்து தேய்ந்து அரை லிங்க் நீண்டுபோயிருந்தது. எதிர்ப்பங்கின் கோடியிலிருந்து ஆறு சங்கிலி பிடித்துக் கல் நட்டிருந்தோம். ஆறு அரை, மூன்று லிங்க். ஒரு லிங்க் எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஏறக்குறைய இரண்டு அடி ஆத்தாளின் காட்டுக்குள் போயிருந்தது. மூணு உழவுச் சால் என்று அவர் சொன்னது சரியான அளவு. படிக்காதவர், கண்ணாலேயே அளந்துவிட்டார். அவருக்கு மனு எழுதத் தெரியாது, தாசில்தாரைப் பார்க்கக் கூட்டிப்போக ஆள் இல்லை. மண் ஒன்றுதான் கைக்கு எட்டியது.

கல்லை மாற்றி நட்டேன். உடனே விரல் ஆறியது என்று முடித்தால் கதை நன்றாக இருக்கும். ஆனால் கல்லை மாற்றுவதற்கு மூன்று நாள் முன்பே சீழ் உடைந்து விரல் ஆறிப்போயிருந்தது.

இனி உங்கள் விஷயம். நம் பூமிக்கடியில் கருங்கல் பாறை. பாறையில் வெடிப்பு இருக்கும் இடத்தில்தான் தண்ணீர். பத்தடி தள்ளித் துளைத்தால் புகைதான் வரும். உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு எத்தனை போர் பொய்த்தது? அவர்கள் வாசலில் யார் மண்ணைத் தூற்றியது? எருமை சாவது எல்லாக் கட்டுத்தரையிலும் நடப்பது. ஒரு வீட்டில் அது வெறும் நஷ்டம், உங்கள் வீட்டில் சாட்சியாகிவிட்டது. ஆப்பிரிக்காவில் அசாண்டே என்ற மக்களோடு இருந்து மானிடவியல் அறிஞர் இவான்ஸ்-பிரிட்சர்ட் 1937-ல் எழுதினார்: தானியக் குதிர் சரிந்து ஆள் செத்தால், குதிரின் காலைக் கரையான் அரித்தது அவர்களுக்கும் தெரியும். ஆனால் இன்ன ஆள் நிழலுக்கு ஒதுங்கிய அந்த நேரத்தில் ஏன் சரியணும்? அதற்குக் கரையான் பதில் சொல்லாது, சூனியம்தான் சொல்லும். "எப்படி" என்பது போர்க்காரருக்குத் தெரியும், "ஏன் எங்களுக்கு" என்பதற்குத்தான் ஜோசியரிடம் 40,000.

உங்கள் கடிதம் நாலு பக்கம். அத்தைக்கு என்ன கொடுத்தீர்கள் என்று ஒரு வரி இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே தகப்பன் பங்கில் மகளுக்கு உரிமை உண்டு. 1989-ல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம பங்கு வந்தது. ஆனால் அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்கு, 2005-ல் சட்டம் மாறும்வரை அது இல்லை. உங்கள் அத்தை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. "சீர் செஞ்சாச்சு, கையெழுத்துப் போடு" என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டிய எத்தனையோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்தவன் நான். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பரிகாரம் யாருக்குப் போக வேண்டிய பணம் என்று அதில் எழுதியிருக்கும்.

மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவது எப்போது தொடங்கியது? படித்தவர்கள்கூடப் பூசுகிறார்களே?
*(வாசகர், கிணத்துக்கடவு)*

எப்போது என்பதற்குக் கல்வெட்டு எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் ஆனைமலையில் சொல்லப்படும் கதைக்கு வயது அதிகம். குறுந்தொகை 292-ல் பரணர் பாடுகிறார்: ஆற்றில் குளிக்கப் போன பெண், தண்ணீரில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றுவிட்டாள். காவல்மரத்துக் காய். அதற்காக மன்னன் நன்னன் கொலைத் தண்டனை கொடுத்தான். 81 யானையும் அவள் எடைக்கு எடை பொன்னில் செய்த பாவையும் தருகிறோம் என்றபோதும் அவன் கேட்கவில்லை. அந்தப் பெண்தான் ஆனைமலையில் படுத்த கோலத்தில் இருக்கும் மாசாணி என்பது நம் பக்கத்து நம்பிக்கை.

அந்தப் பாட்டை ஓய்வுக்குப் பிறகு நூலகத்தில் உட்கார்ந்துதான் முழுதாகப் படித்தேன். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பரணர் இந்தக் கதையை எதற்குச் சொல்கிறார் தெரியுமா? ராத்திரி தூங்காமல் காவல் காத்துக் காதலைக் கெடுக்கும் தாயைத் திட்டுவதற்கு! "பெண்கொலை புரிந்த நன்னன் போல வரையா நிரையத்துச் செலீஇயரோ அன்னை". மீளாத நரகத்துக்கு அம்மா போகட்டும் என்று சாபம். நம் பிள்ளைகள் செல்போனைப் பிடுங்கினால் முணுமுணுப்பதற்கு இரண்டாயிரம் வருஷப் பாரம்பரியம் இருக்கிறது.

நீதிக்கல்லில் மிளகாய் அரைக்கிறவர்களைக் கிட்ட நின்று பாருங்கள். திருட்டுப்போன நகை, ஏமாற்றிய சீட்டுக்காரன், விட்டுப்போன புருஷன். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிய அரைப்பார்கள். நியாயம் கிடைத்தால் திரும்பி வந்து எண்ணெய்க்காப்பு வைத்து அம்மனைக் குளிர்விக்கணும். இங்கிலாந்தில் பாத் என்ற ஊர் வெந்நீர் ஊற்றில் ஏறக்குறைய 130 ஈயத் தகடுகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ரோமானியர் ஆண்ட காலத்தவை. டொசிலியானஸ் என்பவன் சூலிஸ் அம்மனுக்கு எழுதிப் போட்ட தகடு ஒன்று: என் தலைமூடி அங்கியைத் திருடியவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ, தூக்கமும் பிள்ளையும் இல்லாமல் போகட்டும், அங்கி திரும்பக் கோயிலுக்கு வரும்வரை. அவ்வளவு பெரிய சாம்ராஜ்யத்தில் ஒரு போர்வையைக் கண்டுபிடித்துத் தர ஆள் இல்லை. ஆனைமலைக் க்யூவில் அவனும் நிற்கலாம்.

ராஜாக்களும் விதிவிலக்கல்ல. கோயில் நிலத்தின் எல்லையில் சூலக்கல் பார்த்திருப்பீர்கள். தானக் கல்வெட்டின் கடைசி வரிகளையும் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்தத் தர்மத்தை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். காத்தவன் பாதம் என் தலைமேல். உயிரோடு இருக்கும்வரை ராஜாவுக்குப் படை இருந்தது. செத்த பிறகு அவனும் அந்த வெள்ளைச் சேலை ஆத்தா மாதிரிதான்.

சாபத்தால் ஆள் செத்ததாக விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்களாமே?
*(வாசகர், பல்லடம்)*

வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் 1942-ல் எழுதினார். மந்திரவாதி குறி வைத்துவிட்டான் என்று நம்பி, நல்ல உடம்போடு இருந்தவர்கள் சில நாளில் செத்ததாகப் பல நாடுகளிலிருந்து வந்த தகவல்களைச் சேர்த்தார். தீராத பயம் ரத்த ஓட்டத்தையே கெடுத்துவிடும் என்பது அவர் விளக்கம். பின்னால் வந்தவர்கள், சோறு தண்ணீரை விட்டதாலும் இருக்கலாம் என்றார்கள். எனக்கு உறைத்தது வேறு: சபிக்கப்பட்டவனை ஊரே செத்தவனாகப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. சொந்தக்காரர்கள் ஒதுங்குகிறார்கள். துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து பார்க்கிறார்கள். அப்புறம் அவன் என்ன செய்வான்? மருந்துச் சீட்டில் "தலைசுற்றல் வரலாம்" என்று படித்ததுமே தலை சுற்றுகிறதே, டாக்டர்கள் அதற்கு 1961-லேயே நொசிபோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். என் நகச்சுத்து நிஜம். தூங்கவிடாத தெறிப்பில் பாதி நொசிபோ.

மைசூர் பக்கம் தலைக்காடு போயிருந்தோம். மணலில் புதைந்த கோயில்களைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. அலமேலம்மா சாபம் உண்மைதானே?
*(வாசகி, சத்தியமங்கலம்)*

மணல் உண்மை. 1610-ல் மைசூர் ராஜா ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தார். விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மாளின் நகைக்கு ஆள் அனுப்பினார். அவர் காவிரியில் குதிக்கும்போது சொன்னதாகக் கதை: தலைக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் ராஜாவுக்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும்.

மணலுக்கு ஆய்வாளர்கள் பலர் கைகாட்டுவது மேலே இருக்கும் மாதவமந்திரி அணையை. அது அலமேலம்மாளுக்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. நீரோட்டம் மாறியதும் ஆற்று மணல் வெளியே தெரிந்தது, காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது. பிள்ளைக் கணக்கு இன்னும் வேடிக்கை. பத்தாம் சாமராஜருக்குச் சொந்த மகன்கள் இருந்தார்கள். அவர்களில் நாலாம் கிருஷ்ணராஜருக்கு இல்லை. தம்பி மகன் ஜெயசாமராஜர் பட்டத்துக்கு வந்தார். அவருக்கு மகன் உண்டு. அந்த மகன் ஸ்ரீகண்டதத்தர் 2013-ல் வாரிசில்லாமல் இறந்தார். தத்துப்பிள்ளை யதுவீருக்கு 2017-ல் மகன் பிறந்தான். பிறந்தால் "ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை" என்கிறார்கள், பிறக்காவிட்டால் "பலித்தது". இப்படி அளந்தால் எந்தக் காட்டையும் எந்தப் படத்தோடும் பொருத்திவிடலாம்.

ஆனாலும் மைசூர் அரண்மனையில் அலமேலம்மாளுக்குச் சிலை வைத்துக் கும்பிடுகிறார்கள். நகையைப் பிடுங்கப் பார்த்தது அந்த வம்சத்துக்கு மறக்கவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

எனக்கு 36 வயது. 11 ஏக்கர் தென்னை, கார், வீடு. பெண் அமையவில்லை. எங்கள் ஊரில் மட்டும் இப்படி 20 பேருக்கு மேல். ஜாதகத்தில் "பெண் சாபம்" என்கிறார்கள். நான் எந்தப் பெண்ணுக்கும் துரோகம் செய்ததில்லை.
*(வாசகர், சங்ககிரி)*

நம்புகிறேன் தம்பி. 2001 கணக்கெடுப்பில் உங்கள் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள 1,000 பையன்களுக்குப் பெண் குழந்தைகள் 851. தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் முதலில் சேலத்தில் தொடங்கினார்கள். ஏன் அங்கே என்று அப்போது எல்லாருக்கும் தெரியும். நீங்கள் பிறந்தது அந்தக் காலத்தில். உங்களுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்களில் சிலர் பிறக்கவே இல்லை. பிறந்த சிலர் மூன்றாம் நாளைத் தாண்டவில்லை. தோட்டக்காரனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பதும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அது தனிக் கதை.

இதில் மட்டும் ஜோசியரை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. பரிகாரத்தை எந்தக் கோயிலில் செய்வது என்றுதான் தெரியவில்லை.

பங்காளி ஒருவர் வண்டித்தடத்தை அடைத்துவிட்டார். ஆத்திரத்தில் குலதெய்வக் கோயிலில் அவரைச் சபித்துக் காசு வெட்டிப் போட்டேன். இருபதே நாளில் பைக்கிலிருந்து விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. இப்போது எனக்குத் தூக்கம் இல்லை.
*(வாசகர், தாராபுரம்)*

கோயிலில் காசு வெட்டும் கல்லுக்கு அடியில் வெட்டின காசு வேறு எத்தனை கிடந்தது, பார்த்தீர்களா? அத்தனை எதிராளிகளும் நடமாடிக்கொண்டுதான் இருப்பார்கள். உங்களை உறுத்துவது அவர் கால் அல்ல, விழுந்தார் என்று கேட்டதும் முதல் நிமிஷம் உங்களுக்கு வந்த சந்தோஷம். எனக்கும் வந்திருக்கிறது, யார் விழுந்தபோது என்று சொல்லமாட்டேன்.

தடத்துக்கு மனு கொடுங்கள், எஃப்.எம்.பி. என்கிற புல அளவைப் படத்தில் தடம் இருந்தால் திறந்தே ஆகணும். காசு வெட்டினால் இரண்டு வீட்டிலும் கை நனைக்கிறதில்லை என்பது நம் வழக்கம். அதை முடிச்சுப்போட இரண்டு பேரும் அதே கோயிலில் சேர்ந்து நிற்கணும். அவரால் இப்போது மலைக்கோயில் படி ஏற முடியாது. அதனால் நீங்கள் ஆட்டுக்கால் சூப் வைத்துத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். சீக்கிரம் போங்கள். கட்டுப் பிரித்துவிட்டால் உங்களைப் பார்த்ததும் எழுந்து அக்கட்டால போய்விடுவார்.