சுறா ரத்தத்துல உப்பும் யூரியாவும்: கேள்வி-பதில்

கே: சார், சுறா கடல் தண்ணி குடிக்குமா?

பெருசா குடிக்கிறதில்ல. ரத்தத்துல உப்போட யூரியாவயும் சேத்து வச்சிருக்கறதால அதுல கரைஞ்சிருக்கறது கடல் தண்ணிய விட ஒரு துளி அதிகம், அதாவது ஒரு துளி கெட்டி, ரெண்டுமே 1000 மில்லிஆஸ்மோல் (கரைஞ்சிருக்கறத அளக்கற யூனிட்) பக்கம்தான், அதனால செவுள் வழியா தண்ணி தானா உள்ள வந்துடும். குடிச்சே ஆகணும்னு இருக்கறது வஞ்சிரம், மத்தி மாதிரி எலும்பு மீனுங்க.

கே: சுறாவுக்கு யூரியா 350, எனக்கு 30. அப்ப வெறும் பத்து மடங்குதானே?

யூனிட் போடுங்கன்னு எத்தன தடவ சொல்றது? உங்க லேப் ரிப்போர்ட்ல இருக்கறது டெசிலிட்டருக்கு மில்லிகிராம், சுறாவுக்கு சொல்றது லிட்டருக்கு மில்லிமோல். உங்க 30ஐ மாத்தினா 5தான் வரும். இப்ப வகுத்துப் பாருங்க, 70 மடங்கு.

கே: இவ்ளோ யூரியா இருந்தா தசையில புரோட்டீன் கெட்டுடாதா?

கெடணும். டிஎம்ஏஓதான் (ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு, சுறா தசையில இருக்கற இன்னொரு பொருள்) காப்பாத்துது. தசைக்குள்ள ரெண்டு யூரியாவுக்கு ஒரு டிஎம்ஏஓன்னு கணக்கு, ஒண்ணு குலைக்கறத இன்னொண்ணு இறுக்கிப் பிடிக்கும். 1979லயே யான்சி, சொமேரோன்னு ரெண்டு விஞ்ஞானிங்க இத காட்டிட்டாங்க.

கே: மார்க்கெட்ல வாங்கின சுறா ஒரே அம்மோனியா நாத்தம். கடைக்காரர் உர யூரியா தூவியிருக்கார்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, உண்மையா?

மறுபடியும் அதே ஃபார்வர்டா! அம்மா, அந்த யூரியாவ சுறாவே செஞ்சுக்குது, ஈரல்ல, கொஞ்சம் தசையிலயும், கறியில எடைக்கு ஏறக்குறைய ரெண்டு பர்சன்ட் அதுதான், கிலோவுக்கு 20 கிராம்னு வச்சுக்கங்க, இதுக்கு மேல காசு குடுத்து வாங்கி யாரு தூவப் போறா? உயிரோட இருக்கறவரைக்கும் நாத்தம் இல்ல. செத்தப்புறம் பாக்டீரியா யூரியாவ உடைச்சு அம்மோனியா ஆக்கும், டிஎம்ஏஓவும் உடைஞ்சு அந்த மீன் கவிச்சியக் கூட்டும். படகுலயே ரத்தம் வடிச்சு, குடல் எடுத்து, ஐஸ்ல போட்டா இந்தப் பிரச்சினை ரொம்பக் குறையும், தப்பு நடக்கறது ஐஸ்லயும் நேரத்துலயும்தான். இன்னொண்ணு, யூரியா டெஸ்ட் கிட்ட வாங்கி சுறா மேல வச்சுட்டு "பாசிட்டிவ், பாசிட்டிவ்"னு வீடியோ போடாதீங்க, எந்த சுறாவா இருந்தாலும் பாசிட்டிவ்தான் வரும். புளித்தண்ணியில ஊறவச்சா லேசான வாடை போகும், புளிப்பு அம்மோனியாவ கட்டிடும். மூக்கைப் பொத்தற அளவுக்கு நாறினா புட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம், தூக்கிப் போடுங்க.

கே: உப்ப எப்படி வெளிய தள்ளுது? கிட்னியா?

சுறா கிட்னியால ரத்தத்த விட உப்பான மூத்திரம் போக முடியாது. அதோட வேலை யூரியாவ வடியவிடாம திருப்பி எடுக்கறது, 90 பர்சன்ட்டுக்கு மேல எடுத்துடும். உப்புக்குன்னு மலக்குடல் பக்கம் தனி சுரப்பி இருக்கு, அதுல வர்ற திரவத்துல ரத்தத்தப் போல ரெண்டு மடங்கு உப்பு. அதோட இந்த வேலைய 1960ல பர்கர், ஹெஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சாங்க.

கே: சுறா ஆத்துல வாழுமா சார்?

எந்த சுறா? பேர் எழுதுங்க, பேர் எழுதுங்க. காளைச் சுறான்னா வாழும், மத்திய அமெரிக்காவுல சான் ஹுவான் ஆறு வழியா நிகரகுவா ஏரிக்கே போகுது. யூரியாவ பாதியாக் குறைச்சுக்கும், ரத்தம் 1000லேர்ந்து 650 மில்லிஆஸ்மோல் பக்கம் இறங்கும், அப்பவும் ஆத்துத் தண்ணிய விட எவ்வளவோ கெட்டி, அதனால உள்ள வர்ற தண்ணிய மூத்திரமா கொட்டிக்கிட்டே இருக்கணும். சுறாவுக்கு சொந்தக்கார மீனான அமேசான் திருக்கை இன்னும் ஒரு படி மேல, யூரியா சேத்து வைக்கறதயே விட்டுடுச்சு, உப்புத் தண்ணியில போட்டாலும் பழையபடி சேக்கத் தெரியாது.

கே: எங்க வீட்டு தொட்டியில ஷார்க் வளக்கறேன், கல்லுப்பு எவ்ளோ போடணும்?

கடையில ஷார்க்னு குடுத்த அந்த வெள்ளி கலர் மீன்தானே? அது சுறாவே இல்ல தம்பி, கெளுத்தி ஜாதியோ கெண்டை ஜாதியோதான். உப்பு போடாதீங்க.