கரடி டப்பா வாங்கலாமா, கயிறு போதுமா?

கேள்வி: நாங்கள் சான் ஹோசேயில் இருக்கிறோம். வருகிற ஆகஸ்டில் நானும் கணவரும் கலிஃபோர்னியா மலைகளில் யோசெமிட்டியிலிருந்து விட்னி மலை வரை போகும் ஜான் மியூர் டிரெயில் என்ற நடைபாதை முழுவதும் நடக்கப் போகிறோம், 20 நாள் திட்டம். கரடியிடமிருந்து சாப்பாட்டைக் காக்கும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று 90 டாலருக்கு மேல். எடையும் ஒரு கிலோவைத் தாண்டுகிறது, ஆளுக்கு ஒன்று வேண்டும். பையைக் கயிறு கட்டி மரத்தில் தொங்கவிட்டால் போதும் என்கிறார் இவர். கரடியால் கிழிக்க முடியாத துணிப்பை என்று ஒன்றையும் பார்த்தேன், 200 கிராம்தான் இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: டப்பாவைத்தான். கயிற்றை இப்போதே மறந்துவிடச் சொல்லுங்கள். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் சாப்பாட்டை மரத்தில் தொங்கவிடுவது சட்டப்படியே கூடாது. அதற்குக் காரணமும் உண்டு. அங்குள்ள கருங்கரடிகள் பல தலைமுறையாக இந்தப் பைகளைப் பார்த்துப் பழகியவை. கயிற்றைக் கடித்து அறுக்கும், தாயின் எடை தாங்காத கிளையில் குட்டி ஏறிப் போகும். மனிதச் சாப்பாட்டில் ருசி கண்ட கரடி கூடாரங்களையே தேடி வர ஆரம்பிக்கும். கடைசியில் பூங்கா ஊழியர்களே அதைக் கொல்ல வேண்டி வரும். உங்கள் பருப்புப்பொடியால் ஒரு கரடி சாகக் கூடாது, எனக்கு அதுதான் முதல் கவலை.

துணிப்பை மோசமான பொருள் அல்ல. உர்சாக் என்ற அந்தப் பை, கரடி தாங்கும் பொருட்களைச் சோதித்துச் சான்று தரும் இன்டர்ஏஜென்சி கிரிஸ்லி பேர் கமிட்டியின் சான்று பெற்றது. மொன்டானாவில் காப்பகக் கரடிகளிடம் உணவு வைத்த பையைக் கொடுத்து, ஒரு மணி நேரம் கடித்தும் பிறாண்டியும் பிரிய விடாமல் நின்றால்தான் அந்தச் சான்று. ஆனால் வாங்குபவர்கள் ஏமாறும் இடமும் இதுதான். சான்று வேறு, அனுமதி வேறு. உங்கள் பாதை கடக்கும் யோசெமிட்டியும் செக்கோயா கிங்ஸ் கேன்யன் பூங்காவும் தங்களுக்கென்று தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன, துணிப்பை அதில் இல்லை. அந்தப் பையை மரத்தில் கட்டித்தான் வைக்க வேண்டும், உங்கள் பாதையிலோ மரமே இல்லாத உயரங்கள் நிறைய. கரடி மென்றால் பை கிழியாமல் இருக்கலாம், உள்ளே இருப்பது கூழாகிவிடும். அமெரிக்காவின் கிழக்கிலுள்ள அப்பலாச்சியன் டிரெயில் போகிறோம் என்று எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அங்கேயும் ஜார்ஜியாவின் பிளட் மவுண்டன் பகுதியில் மார்ச் முதல் மே வரை இரவு தங்க டப்பா கட்டாயம்.

சரி, எந்த டப்பா? கடையில் எல்லோரும் எடையைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் லிட்டரைக் கேளுங்கள். பேர்வால்ட் 500 என்பது 11.5 லிட்டர், சுமார் 1.2 கிலோ. ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு வாரச் சாப்பாடு பிடிக்கும், வெளியிலிருந்தே உள்ளே இருப்பது தெரியும். கார்சியா கறுப்பு நிறம், சுமார் 10 லிட்டர், நாணயத்தால் திருகித் திறப்பது. கார்பன் ஃபைபரில் செய்த பேரிகேட் இலேசானது, ஆனால் 300 டாலருக்கு மேல் போகும். வருடாவருடம் மலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். உங்களுக்கு பேர்வால்ட் போதும்.

வாடகைக்கும் எடுக்கலாம். யோசெமிட்டியில் பெர்மிட் கொடுக்கும் இடத்திலேயே குறைந்த வாடகைக்குத் தருகிறார்கள். இரண்டு மூன்று நாள் நடைக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் நீங்கள் 340 கிலோமீட்டர் தள்ளி விட்னி மலைப் பக்கம் இறங்குவீர்கள், டப்பாவைத் திருப்பித் தருவது ஒரு வேலையாகிவிடும். அதனால் சொந்தமாக வாங்குங்கள். பழையதாக வாங்கினாலும் தவறில்லை. விரிசல் இருக்கிறதா, மூடி முழுதாகச் சுற்றிப் பூட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெரிய சிக்கல் பாதையின் பின்பாதியில் வரும். வழியில் சாப்பாடு நிரப்பிக்கொள்ளும் விடுதியான மியூர் டிரெயில் ராஞ்சைத் தாண்டினால் விட்னி வரை சுமார் 175 கிலோமீட்டர், பாதையோரம் சாப்பாடு நிரப்பிக்கொள்ள இடமில்லை. பத்து நாள் சாப்பாடு அந்த டப்பாவில் அடங்காது. பலர் கியர்சார்ஜ் கணவாய் வழியாக, வண்டிச் சாலை எட்டும் ஆனியன் வேலி வரை இறங்கி நிரப்பிக்கொண்டு திரும்புகிறார்கள். ஒரு நாள் கூடினாலும் நீங்களும் அப்படிச் செய்வது நல்லது. பொரி, நூடுல்ஸ், சிப்ஸ் எல்லாம் காற்றைச் சுமப்பது போலத்தான். கெட்டி அவல், வறுத்த ரவை, கடலைமிட்டாய், பாதாம், பொடி வகைகள், சின்ன பாட்டிலில் நெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் பிரித்து ஜிப் பைக்கு மாற்றுங்கள். அப்புறம், பற்பசை, சோப்பு, சன்ஸ்கிரீன், குப்பை எல்லாமே டப்பாவுக்குள்தான் போக வேண்டும். அதற்கும் இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள்.

இரவில் கூடாரத்திலிருந்து 30 மீட்டராவது தள்ளி, தண்ணீரும் சரிவும் இல்லாத சமதரையில் வையுங்கள். கரடி உருட்டிப் பார்க்கும், ஆற்றில் விழுந்தால் போனதுதான். கயிறு, பட்டை எதுவும் கட்டாதீர்கள், கரடி அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

பேர்வால்டின் மூடி குளிரில் இறுகும். என் முதல் பயணத்தில் விடிகாலையில் விறைத்த விரலோடு காபித்தூளை எடுக்கக் கால்மணி நேரம் போராடினேன். பழைய கிரெடிட் கார்டு ஒன்றை மூடியின் கொக்கிக்கு இடையில் செருகித் திருப்பினால் சுலபமாகத் திறக்கும். டப்பா வந்ததும் வீட்டிலேயே ஒரு வாரச் சாப்பாட்டை அடைத்து மூடிப் பாருங்கள், அந்தக் கார்டையும் பழகிக்கொள்ளுங்கள்.