அக்கா பெயரில் ஒரு கேம்ப் நிதி: 50,000 டாலரை எப்படி எழுதி வைப்பது?

கேள்வி: என் அக்கா நர்ஸ். பதினோரு கோடைகள் வெர்மான்டில் பெண் பிள்ளைகளுக்கான ஒரு சம்மர் கேம்ப்பின் மருத்துவ அறையில் வேலை பார்த்தார். அதனால்தான் அவர் மகளால் அங்கே சேர முடிந்தது. கேபினில் அவள் ஒருத்திதான் வெள்ளையர் அல்லாத பிள்ளை. போன வருடம் அக்கா காலமாகிவிட்டார். அவர் பெயரில் நிரந்தர நிதி வைக்க 50,000 டாலர் சேர்த்திருக்கிறோம். அவளைப் போன்ற பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே போக வேண்டும். 'இந்தியப் பெண்களுக்கு மட்டும்' என்று எழுதலாமா? எங்கிருந்து தொடங்குவது?
— நியூஜெர்சி வாசகி

பதில்: உங்கள் அக்கா உழைத்து மகளுக்கு வாங்கித் தந்த இடத்தை, நீங்கள் ஊரார் பிள்ளைகளுக்கும் வாங்கித் தர நினைக்கிறீர்கள். மிக நல்ல காரியம். செக் எழுதுவதற்கு முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம்.

என்டோமென்ட் எனப்படும் இந்த நிரந்தர நிதி நம் கோயில் கட்டளை மாதிரிதான். முதலைத் தொடாமல், அதன் வருமானத்தில் தர்மம் நடக்க வேண்டும். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகளைக் கொடுத்து, 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டினார்கள். மந்தை குறையாமல் இருந்தால்தான் விளக்குக்கு நெய் வரும். அமெரிக்காவிலும் பெரும்பாலான அமைப்புகள் மூன்று ஆண்டு சராசரி மதிப்பில் 4 முதல் 5 சதவீதம்தான் வருடத்துக்கு எடுக்கின்றன. 50,000 டாலருக்கு 4.5 சதவீதம் என்றால் 2,250 டாலர். நியூ இங்கிலாந்தில் ஏழு வாரத் தங்கல் கேம்ப்புக்கு 10,000 டாலருக்கு மேல் ஆகிறது. ஆக, இந்த நிதி மட்டும் ஒரு பிள்ளையைக்கூட முழுக் கோடைக்கு அனுப்பாது.

நானாக இருந்தால் 35,000 டாலரை முதலாக வைத்துவிட்டு, மீதி 15,000 டாலரை ஐந்து வருடங்களுக்கு 3,000 வீதம் செலவழிக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பேன். வருமானத்தையும் சேர்த்தால் வருடத்துக்குச் சுமார் 4,500 டாலர் வரும். குறுகிய கால கேம்ப் ஒன்றின் கட்டணத்தில் பெரும்பகுதி அதில் அடங்கும். அந்த ஐந்து வருடங்களில் பயன்பெற்ற பிள்ளைகளைப் பற்றிச் சொல்லி இன்னும் நிதி திரட்டலாம்.

அப்புறம், அந்த கேம்ப், நன்கொடைக்கு வரிவிலக்கு தரும் 501-சி-3 தகுதி பெற்ற அறநிறுவனம்தானா என்று அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தளத்தில் தேடிப் பாருங்கள். பல கேம்ப்கள் தனியார் தொழில்கள். அவற்றுக்கு நேராகக் கொடுத்தால் வரிவிலக்கு கிடையாது. அப்படியானால் அவற்றோடு இணைந்த அறக்கட்டளை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் பலருடைய நன்கொடை நிதிகளை வைத்து நிர்வகிக்கும் உள்ளூர் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் ஒன்றில் நிதியை வையுங்கள். விலை ஏறிய பங்குகளை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள், விற்காமல் அப்படியே மாற்றிக் கொடுத்தால் மூலதன ஆதாய வரி மிச்சமாகும். நண்பர்கள் வேலை பார்க்கும் கம்பெனிகள் நன்கொடைக்கு ஈடாகப் பணம் சேர்க்குமா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

'இந்தியப் பெண்களுக்கு மட்டும்' என்று எழுத வேண்டாம். 1866-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் ஒப்பந்தங்களில் இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது. அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம், கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு மட்டும் என்று நடத்திய மானியப் போட்டியை 11-ஆவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூனில் அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் நிறுத்தி வைத்தது. வெர்மான்ட் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இல்லை. ஆனாலும் எந்த கேம்ப்பின் வக்கீலும் இப்போது தயங்குவார். இனத்தின் பெயரை விட்டுவிட்டு வாழ்க்கைச் சூழலை எழுதுங்கள்: கட்டணம் கட்ட வசதியில்லாத குடும்பம், குடும்பத்தில் முதன்முதலாக கேம்ப்புக்கு வரும் பிள்ளை என்று. பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது கேம்ப்பின் குழுதான். 'இன்னாருக்குக் கொடு' என்று நீங்கள் சொன்னால் வரிவிலக்கு போய்விடும்.

பல பின்னணிப் பிள்ளைகள் வருவது, அழைப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய கேம்ப்களில் அம்மா போன இடத்துக்கு மகள் போவாள். செய்தி அந்த வட்டத்தைத் தாண்டாது. நகரத்து அரசுப் பள்ளிகள், நூலகங்கள், புதிதாகக் குடியேறியவர்களின் சங்கங்கள் என எங்கெங்கே சொல்லப் போகிறார்கள் என்பதை கேம்ப்பிடம் எழுத்தில் கேளுங்கள்.

நான் மிகவும் வற்புறுத்துவது நிதியின் நோக்கத்தை எழுதும் அந்த ஒரு வரியைத்தான். 'கட்டணத்துக்காக' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சில வருடங்கள் நான் ஒரு கேம்ப்பின் உதவித்தொகைக் குழுவில் இருந்தேன். ஒரு பிள்ளைக்கு முழுக் கட்டணமும் கொடுத்து வரவழைத்தோம். முதல் வாரம் முழுக்க மழை. மற்றவர்கள் ரப்பர் பூட்ஸ் போட்டு மலையேறப் போனார்கள். இவளிடம் இருந்தது ஒரே ஜோடி கான்வாஸ் ஷூ, அதுவும் ஊறிப்போய்விட்டது. வயிற்றுவலி என்று சொல்லி மூன்று நாள் மருத்துவ அறையில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் அம்மாதான் அவள் காலைப் பார்த்துவிட்டு எங்களுக்குச் சொன்னார். உங்கள் அக்காவும் இப்படி எத்தனையோ வயிற்றுவலிகளைப் பார்த்திருப்பார்.

அதனால் 'கட்டணம், பயணம், உடை, படுக்கைப் பை, மற்ற சாமான்கள்' என்று விரித்து எழுதுங்கள். அதோடு, இத்தகைய குடும்பங்களிலிருந்து வரும் இளம் பெண்களை கவுன்சிலராக, அதாவது கேபினில் பிள்ளைகளோடு இருந்து கவனித்துக்கொள்பவராக, பயிற்றுவிக்கும் செலவையும் சேருங்கள். தன் மாதிரி ஒரு அக்கா கேபினில் இருந்தால் பிள்ளைக்குத் தைரியம் வரும். முடிந்தால் ஒரு பிள்ளைக்கு முழுசாகக் கொடுப்பதைவிட இரண்டு பேருக்குப் பாதிப் பாதி கொடுத்து, மீதியை கேம்ப்பின் சொந்த உதவித்தொகையிலிருந்து போடச் சொல்லுங்கள். தனியாக ஒருத்தி என்ற நிலை உங்கள் அக்கா மகளோடு முடியட்டும்.

கேம்ப் மூடப்பட்டால் பணம் எந்த மாதிரி வேலைக்குப் போக வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் அதை முடிவு செய்ய கோர்ட் வரை போக வேண்டியிருக்கலாம்.

கையெழுத்துக்கு முன் அக்கா மகளை உட்கார வைத்து, முதல் கோடையில் அவளிடம் என்னவெல்லாம் இல்லாமல் இருந்தது என்று கேளுங்கள். அவள் சொல்லும் பட்டியலை அப்படியே எழுதி, ஒப்பந்த வரைவோடு சேர்த்து கேம்ப்பின் இயக்குநருக்கு அனுப்புங்கள்.