செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானம் தரையில் நேராகப் போக மறுக்கிறது. மேலே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். பறக்கக் கற்க வந்தவருக்கு டாக்ஸி செய்வது, அதாவது விமானத்தைத் தரையில் ஓட்டுவது, அவ்வளவு முக்கியமா?

முக்கியம்தான். கேள்வியைப் படித்ததும் கோபம் வந்தது. உங்கள் மேல் இல்லை, "மேலே போனால் எல்லாம் சரியாகிவிடும்" என்று உங்களிடம் சொன்னவர் மேல்.

ஐந்தாறு மணி நேரம் பறந்திருப்பீர்கள். தரையில் நடுவே போட்ட மஞ்சள் கோட்டுக்கு இருபுறமும் விமானம் அலைகிறது, இன்ஸ்ட்ரக்டர் பெடலைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்கிறார். அப்படித்தானே? காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். 172-இல் மூக்குச் சக்கரம், காலால் மிதிக்கும் ரடர் பெடலோடு (ரடர் என்பது வாலிலுள்ள சுக்கான்) ஸ்பிரிங் வழியாக இணைந்திருக்கிறது. பெடலால் மட்டும் ஒவ்வொரு பக்கமும் சுமார் 10 டிகிரிதான் திரும்பும்; அந்தப் பக்கத்து பிரேக்கையும் சேர்த்தால் 30 டிகிரி வரை போகும். ஸ்பிரிங் இருப்பதால் மிதித்தவுடன் மூக்கு திரும்பாது. திரும்பவில்லையே என்று இன்னும் மிதிப்பீர்கள், பிறகு இரண்டு மிதிக்கும் சேர்த்துத் திரும்பும். கொஞ்சமாக மிதியுங்கள், காத்திருங்கள், மூக்கு கோட்டுக்கு வருவதற்குச் சற்று முன்பே பெடலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். குதிகால் தரையில் இருக்கட்டும். பிரேக் பெடலின் மேல்பகுதியில் இருக்கிறது, பாதம் மேலே ஏறினால் தெரியாமலே அதைப் பிடிப்பீர்கள். பார்வை தூரத்தில் இருக்க வேண்டும். இடது இருக்கையிலிருந்து பார்க்கும்போது கோடு உங்கள் வலது காலுக்கு அடியில் போவதுபோல் தெரிந்தால் விமானம் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது.

"எங்கள் டி.ஏ.40 பயிற்சி விமானத்தில் இப்படி இல்லையே" என்று யாராவது வருவார்கள். உண்மைதான். அதில் மூக்குச் சக்கரம் பெடலோடு இணைக்கப்படாமல் தானாகச் சுழல்வது, மெதுவாகப் போகும்போது ஒருபக்க பிரேக்கால்தான் திருப்ப வேண்டும். நான் சொல்வது 172-க்கு.

வேகம்: நகரத் தொடங்க த்ராட்டில் (இன்ஜினின் சக்தியைக் கூட்டிக் குறைப்பது) கொஞ்சம் கூடுதலாக வேண்டும், நகர்ந்ததும் உடனே குறையுங்கள். சமதளத்தில் 1000 ஆர்.பி.எம். பக்கத்தில் போதும். வேகத்தை அடக்க அடிக்கடி பிரேக் தேவைப்பட்டால் பவர் அதிகம் என்று அர்த்தம். பவரையும் பிரேக்கையும் சேர்த்தே வைத்து ஓட்டினால் பிரேக் சூடேறி, நிஜமாக நிறுத்த வேண்டிய நேரத்தில் பிடிக்காது. ஏப்ரனில், அதாவது விமானங்களை நிறுத்தும் தளத்தில், மனிதர் நடக்கும் வேகம். விமானம் அசைந்த முதல் சில அடியிலேயே பிரேக்கைச் சோதியுங்கள், இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தையும் சேர்த்து. சரளைக்கல் மேல் பவர் ஏற்ற வேண்டாம். புரொப்பெல்லர் நுனிக்கும் தரைக்கும் ஓரடிகூட இல்லை, உறிஞ்சிய கல் பிளேடின் ஓரத்தை வெட்டிவிடும்.

நிறையப் பேர் அலட்சியப்படுத்துவது காற்றை. 172-இன் இறக்கை நுனிக்கு நுனி 36 அடி, அதுவும் உடலுக்கு மேலே இருக்கிறது. கீழே சக்கரங்களுக்கு இடையே எட்டடி சொச்சம்தான், அதனால் காற்று எளிதில் சாய்த்துவிடும். முன்-இடதிலிருந்து காற்று வந்தால் யோக்கை (கையில் பிடிக்கும் ஸ்டீயரிங் போன்றது) இடப்பக்கம் திருப்பி, எலிவேட்டரை (வாலில் மேலும் கீழும் அசையும் பரப்பு) நடுவில் வையுங்கள். பின்-இடதிலிருந்து வந்தால் யோக்கை வலப்பக்கம் திருப்பி, முன்னால் தள்ளுங்கள். இதை மனப்பாடம் செய்வதைவிடக் காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து காற்று வரும்போது யோக்கை இழுத்திருந்தால், மேலே தூக்கிய எலிவேட்டரின் அடியில் காற்று புகுந்து வாலைக் கிளப்பும். தள்ளியிருந்தால் இறங்கிய பரப்பின் மேல் காற்று மோதி வாலை அமுக்கும். இடது எய்லரானும் (இறக்கையின் பின்னோரத்தில் அசையும் பரப்பு) அப்படியே, கீழே இறங்கியிருந்தால் இடது இறக்கையைத் தரைப் பக்கம் அழுத்தும். பின்-பக்கவாட்டுக் காற்றில் த்ராட்டிலைச் சட்டென்று ஏற்றாதே, பிரேக்கைக் கூர்மையாகப் பிடிக்காதே என்று செஸ்னா கையேடே எச்சரிக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் காற்றின் திசை உங்களுக்கு மாறுகிறது, அதனால் யோக்கும் மாற வேண்டும். திரும்புவதற்கு முன்பே, காற்றின் திசை காட்டும் கம்பத்துத் துணிப்பையை ஒருமுறை பாருங்கள்.

ஓடுபாதைக்கு முன்னால் நான்கு மஞ்சள் கோடுகள் இருக்கும், இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டு வரும் கோடு. உங்கள் பக்கம் இரண்டு முழுக்கோடுகள் என்றால் டவரின் (விமான நிலையக் கட்டுப்பாட்டு மையம்) அனுமதியில்லாமல் தாண்டக் கூடாது. டாக்ஸிக்கு அனுமதி கிடைத்ததை வழியிலுள்ள ஓடுபாதையைக் குறுக்கே கடக்கும் அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் 2010 ஜூன் 30 முதல் ஒவ்வொரு ஓடுபாதைக்கும் தனி அனுமதி வேண்டும். 2001 அக்டோபர் 8 அன்று மிலான் லினாத்தே விமான நிலையத்தில், கடும் பனிமூட்டத்தில், ஆர்-5 என்ற டாக்ஸிவே வழியாகப் போகச் சொன்ன ஒரு செஸ்னா சைட்டேஷன் (சிறிய ஜெட்) ஆர்-6-இல் திரும்பி, பயன்பாட்டிலிருந்த ஓடுபாதைக்குள் வந்துவிட்டது. மேலெழும்பிக்கொண்டிருந்த எம்.டி.-87 பயணிகள் ஜெட் அதில் மோதி 118 பேர் இறந்தார்கள். அது பயிற்சி விமானம் இல்லை, தரை ரேடாரும் அன்று இயங்கவில்லை, எல்லாம் தெரியும். ஆனாலும் வழி சந்தேகமானால் நின்று டவரைக் கேட்பதற்குப் பயிற்சி விமானம், ஜெட் என்ற வேறுபாடு கிடையாது.

இறக்கை நுனி கம்பத்தைத் தாண்டுமா என்று சந்தேகமா? நில்லுங்கள். எரிபொருளை நிறுத்தும் மிக்ஸ்சரை இழுத்து இன்ஜினை அணைத்து, புரொப்பெல்லர் நின்றபின் இறங்கி, டோபார் (மூக்குச் சக்கரத்தில் மாட்டும் கம்பி) போட்டுக் கையால் தள்ளுங்கள். டோபாரைக் கழற்ற மறக்காதீர்கள்.

நிறுத்தாமல் டாக்ஸி செய்துகொண்டே செக்லிஸ்ட் படிக்கும் பழக்கம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பல பள்ளிகள் இன்ஜின் ஓடும் நேரத்துக்குக் கட்டணம் வாங்குகின்றன. பெற்றோர் கடன் வாங்கி அனுப்பிய பிள்ளை, டாக்ஸிவேயில் நின்றால் பணம் போகிறதே என்று அவசரப்படுகிறது. பறக்கும் நேரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் என்ன குறைந்துவிடும்? இது உங்கள் கேள்விக்குள் வராது, தெரியும். எரிபொருள் செலவு என்பார்கள், 1000 ஆர்.பி.எம்.-இல் எவ்வளவு குடித்துவிடும்?

இறங்கிய பிறகும் இதே கவனம் வேண்டும். வால் உட்பட விமானம் முழுவதும் அந்த மஞ்சள் கோடுகளைத் தாண்டியபின் நின்று, அதற்கப்புறம் ஃபிளாப்பை (இறங்குவதற்காக இறக்கையில் கீழே விட்ட மடல்) ஏற்றுங்கள். ஓடுபாதையில் ஓடிக்கொண்டே லீவரைத் தேடிப் பழகியவர்கள், சக்கரம் மடங்கும் விமானத்துக்கு மாறிய பிறகு ஃபிளாப் என்று நினைத்து சக்கர லீவரைத் தூக்கியிருக்கிறார்கள்.